பதினெட்டு நாள் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் பஸ்ஸை விட்டுப் பாதியில் இறங்கிவிட்டேன். திருச்சியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு பெரம்பலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காளி கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்து நின்றதில் பஸ் கால் மணி நேரமாக நகரவில்லை. காற்று திசை மாறியது. எங்கோ நெல் அவிக்கிறார்கள். மூன்று நாள் தண்ணீரில் ஊறிப் புளித்த நெல்லின் வாடை, அதன்மேல் ஆவியின் வெக்கை. ஜன்னல் வழியாக அது உள்ளே வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "டிக்கெட் பெரம்பலூர் வரைக்கும் இருக்குங்களேம்மா" என்றார் கண்டக்டர். "இருக்கட்டுங்க" என்று சொல்லி இறங்கி ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடத்தில் உனக்கு எத்தனையோ தடவை மனதுக்குள் எழுதியிருக்கிறேன். எல்லாமே நம் மொபெட் பயணங்களைப் பற்றியும் நீ வாங்கித் தந்த சூடான பருத்திப்பாலைப் பற்றியும் மட்டுமே இருக்கும். எழுத வேண்டியதை மட்டும் தொடாமல் விலகிப் போய்விடுவேன். இந்த முறை அப்படி இல்லை.

நாம் சந்தித்தது எந்த இடம் என்று நினைவிருக்கிறதா? திருச்சியிலிருந்து வந்த ஆய்வுக் குழு பெரம்பலூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பட்டம் படித்த உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டிருந்தது. நீ லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்தாய். கறுப்பு பர்தா, கையில் ஒரு டிபன் பாக்ஸ். உன் வீட்டுக்காரர் துபாயில், கைக்குழந்தை உன் அம்மாவிடம். நான் அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தேன். அப்பா இல்லை, அம்மா அரிசி மில்லில் களத்து வேலை. நம் இருவருக்கும் ஒரே வயது. வேலையை விளக்கிய சார், "ஒரு தட்டு சோத்துக்குப் பின்னால எவ்வளவு தண்ணி இருக்குன்னு கண்டுபிடிக்கணும். வயல்ல பாய்ச்சுறதுல இருந்து, மில்லுல ஊற வைக்கிறது, வீட்டுல அரிசி கழுவுறது வரைக்கும்" என்றார். மக்காச்சோளத்துக்கும் கம்புக்கும் அப்படியே. நான் தலையை ஆட்டினேன். நீ கையைத் தூக்கிவிட்டாய்.

"கழுவுன தண்ணிய மாடு குடிச்சா, அது அரிசி கணக்குல வருமா, பால் கணக்குல வருமா சார்?"

சார் அந்தக் கேள்வியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அன்றே உன்னை எனக்குப் பிடித்துவிட்டது.

அது தொடர்ந்து மழை பொய்த்த காலம். தண்ணீரை அளக்கிறோம் என்று சொன்னால் யாருக்கும் காது கேட்காது. வேறு ஏதோ அளக்கிறோம் என்றுதான் கேட்கும். "மீட்டர் வைக்க வந்திருக்கீங்களா?" என்பதுதான் எந்த வயலிலும் முதல் கேள்வி. செட்டிகுளத்தில் ஒரு அம்மா நம் பிளாஸ்டிக் டிரம்மைப் பார்த்ததுமே மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நீ கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, நாங்க காசு வாங்க வரல, தண்ணிய அளந்துட்டுப் போயிடுவோம். உங்க பேரை எங்கயும் எழுத மாட்டோம்" என்று பத்து நிமிடம் பேசினாய். அவர் கதவைத் திறந்தார். பிறகு அவர் வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து, அரிசி கழுவிய தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் லிட்டர் குவளையால் அளந்தோம். கஞ்சியை அளந்து முடித்து நம்மையே குடிக்கச் சொன்னார். "இத எந்தக் கட்டத்துலடி எழுதறது?" என்று நீ என் காதில் கேட்டாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குவளையைக் கீழே போட்டேன்.

வயல்களில் நம் முறை எளிமையானது. பம்ப் வாயில் டிரம்மை வைப்போம். நீ ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவாய். டிரம் நிரம்ப எத்தனை விநாடி என்று பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கணக்கிடுவோம். அப்புறம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை மட்டும் தினமும் குறித்தால் போதும். நீ ஒரே டிரம்மை மூன்று முறை நிரப்பிப் பார்ப்பாய். மூன்றும் ஒத்துவரவில்லை என்றால் நாலாவது முறை. வெயிலில் எனக்குத் தலை சுற்றும். "போதும்டி" என்பேன். "தெரியலன்னா தெரியலன்னு எழுது செல்வி. காலியா கூட விடு. இட்டுக்கட்டி மட்டும் எழுதாத" என்பாய். சாதாரணமாகத்தான் சொல்வாய்.

பொன்னுசாமி மாமாவின் நெல்லைத் தேர்ந்தெடுத்தது உன் யோசனை. அவர் எங்கள் ஊர்க்காரர். உறவு இல்லை என்றாலும் நான் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே ஒரு வயலின் நெல்லை விதையிலிருந்து தட்டு வரை கூடவே போய் அளந்தால்தான் கணக்கு உண்மையாக இருக்கும் என்று நீ சாரிடம் வாதாடினாய். அவருடைய முக்கால் ஏக்கர் அதற்கு வாகாக இருந்தது. ஒரு போர்வெல், ஒரு மோட்டார். வரப்பைத் தாண்டினால் அரிசி மில்லின் மதில் சுவர். அவர் நெல் அந்த மில்லுக்குத்தான் போகும். அதே மில்லின் களத்தில்தான் என் அம்மா நெல் காயப்போட்டாள்.

மில் முதலாளி நம்மை உள்ளே விட மறுத்தார். "வெளி ஆளெல்லாம் வேணாம். வேணும்னா களத்துல இருக்குதே, அந்தம்மா மவ மட்டும் வந்து பாத்துட்டுப் போவட்டும்" என்றார். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். வயல் உனக்கு, மில் எனக்கு.

மில்லுக்கு நான் போன முதல் நாள். மாசி மாதம், காலை ஒன்பது மணி. மில்லின் போர் மோட்டார் தண்ணீருக்குள் கிடக்கிற வகை, ஓடினால் சத்தம் வெளியே கேட்காது. அது ஒரு தரைத் தொட்டியை நிரப்பும். அங்கிருந்து நெல் ஊறும் சிமெண்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் போகும். தரைத் தொட்டி நிரம்ப இரண்டு மணி நேரம் போதும். ஆனால் நான் பார்த்தபோது தொட்டி விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது. வழிந்த தண்ணீர், ஊறல் கழிவு போகிற வாய்க்காலிலேயே கலந்து மில்லுக்குப் பின்பக்கம், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே ஓடியது. கரண்ட் வந்த நேரத்தை வாட்ச்மேனிடம் கேட்டுக் குறித்து, அது போகும் வரை அங்கேயே இருந்தேன். கரண்ட் வந்ததிலிருந்து போகிற வரை ஏழு மணி நேரம் மோட்டார் ஓடியது. அதில் ஐந்து மணி நேரத் தண்ணீர் வெறுமனே வழிந்தது.

மோட்டார் சுவிட்ச்சைப் போட்டு நிறுத்துவது யார் பொறுப்பு என்று கேட்டேன். களத்தின் மறுமுனையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். தலையில் துண்டு, பாதமெல்லாம் வெடிப்பு.

"எம் பொறுப்புதாண்டி. மொதல்ல ரெண்டு பேரு இருந்தோம். ஒருத்திய நிறுத்திட்டாங்க. களத்துல நெல்லக் கிண்டறதா, அங்க ஓடி இத நிறுத்தறதா? கரண்டு எப்ப வருது எப்ப போவுதுன்னு யாருக்குத் தெரியும்? போட்டா போட்டபடி கெடக்குது."

"வழியுதேம்மா."

"வழிஞ்சா வழியட்டும். மொதலாளி காதுக்குப் போச்சுன்னா என்னையும் நிறுத்திடுவாரு. நீ அதெல்லாம் எழுதி வச்சிடாத கண்ணு."

நான் நோட்டில் இரண்டு மணி நேரம் என்று எழுதினேன்.

இதை எத்தனை தடவை மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன் தெரியுமா? கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படி ஒரு சிக்கல்டி" என்றிருக்கலாம். ஆனால் நல்ல கையெழுத்தில், மற்ற எண்களைப் போலவே எழுதினேன். மறுநாளும் எழுதினேன். அதற்கடுத்த நாள் மில்லுக்குள் போகாமலே எழுதினேன்.

அதே வாரத்தில் வயலில் நீ படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாய். பொன்னுசாமி மாமாவின் போரில் தண்ணீர் குறையத் தொடங்கியிருந்தது. டிரம் நிரம்ப ஆன விநாடிகள் நாளுக்கு நாள் கூடின. கதிர் வெளிவந்து பூப் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் காய்ந்தால் நெல் மணிக்குள் ஒன்றும் இருக்காது. அவர் வயலைப் பாதியாகப் பிரித்து ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று பாய்ச்சினார். பிறகு கால்வாசியாகப் பிரித்தார். மோட்டார் காற்றையும் தண்ணீரையும் மாற்றி மாற்றித் துப்பியது. நீ வரப்பில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருப்பாய்.

"பக்கத்துல யாரோ இழுக்குறாங்க செல்வி. இல்லாட்டி ஒரு வாரத்துல இவ்வளவு எறங்காது. மில்லு மோட்டாரு எவ்வளவு நேரம் ஓடுது?"

"ரெண்டு மணி நேரம்."

"நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

நீ தலையாட்டினாய். அவ்வளவுதான். நான் சொன்னதை நீ இரண்டாவது முறை கேட்கவில்லை. எந்த டிரம்மையும் மூன்று முறை நிரப்பிப் பார்க்கிற நீ, என் வார்த்தையை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டாய். மில்லை விட்டுவிட்டு மற்ற பக்கமெல்லாம் தேடினாய். மேற்கே இருந்த கரும்புத் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டு அவரிடம் வசவு வாங்கினாய். வடக்கே ஒரு பழைய கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்தாய். நான் உன்கூட வந்தேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினெட்டு நாள்.

பதினெட்டாம் நாள் நீ என்னை மில்லுக்குப் பின்னால் இருக்கிற ரோட்டுப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். மில் கழிவு வாய்க்கால் அந்தப் பாலத்துக்கு அடியில்தான் போகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடியும். முள்ளை ஒதுக்கிவிட்டு, வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் டேப்பால் அளந்தாய். பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டாய். ஒரு வேப்பிலையைப் பறித்துத் தண்ணீரில் விட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாய். இலை முதல் குச்சியிலிருந்து இரண்டாவது குச்சிக்கு ஓடியது. மறுபடி ஒரு இலை. மறுபடி ஒன்று. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கணக்குப் போட்டாய். இரண்டு தடவை போட்டாய். நோட்டை என் பக்கம் திருப்பினாய்.

"மில்லுக்குள்ள போற தண்ணியவிட வெளிய வர்றது அதிகமா இருக்குதே செல்வி. இது எப்படி?"

உன் குரலில் சந்தேகமே இல்லை. உண்மையாகவே விடை தெரியாமல் கேட்டாய். நான் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதுவும் வரவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் எழுந்து மில் கேட்டுக்குள் நடந்தாய். வாட்ச்மேன் "யாரும்மா, யாரும்மா" என்று பின்னால் வந்தார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

தொட்டி வழிந்துகொண்டிருந்தது. களத்தின் மறுமுனையில் அம்மா நெல்லைக் காலால் உழுதுகொண்டிருந்தாள். நம்மைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நீ தொட்டியைப் பார்த்தாய், அம்மாவைப் பார்த்தாய், அவளுக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தாய். போய் சுவிட்ச்சை நிறுத்தினாய்.

முதலாளி கோபமாக வெளியே வந்தார். நீ என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணே, இப்படி ஓடுனா இந்தக் கோடைக்குள்ள உங்க போரும் நின்னுடும். அப்புறம் மில்ல மூட வேண்டியதுதான். பக்கத்து வயல் போரு ஏற்கெனவே காத்த அடிக்குது, வந்து பாருங்க" என்றாய். அவர் கத்த வந்தவர், நீ நீட்டிய நோட்டை வாங்கிப் பார்த்தார். எண்களை விட, போர் நின்றுவிடும் என்ற வார்த்தைதான் அவரைத் தொட்டிருக்க வேண்டும். "சுவிட்ச்ச அந்தக் களத்துத் தூணுக்கு மாத்தி வச்சிட்டா, வேல பாக்குறவங்களே நின்ன எடத்துல நிறுத்திடுவாங்க" என்றாய். இரண்டு நாளில் மாற்றிவிட்டார். தொட்டியின் உள்பக்கம் ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டு, அதற்குமேல் தண்ணீர் ஏறக்கூடாது என்றார். அம்மாவுக்கு வேலை போகவில்லை.

அன்று மொபெட்டில் திரும்பும்போது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வெகுதூரம் வந்த பிறகு நீ முன்னால் பார்த்தபடியே சொன்னாய்:

"அம்மாவுக்கு பயமா இருக்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன போலீஸாடி?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காற்றில் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன். நீ மறுபடி சொல்லவில்லை. அடுத்த ஒரு வாரம் மில்லில் புதிதாக எல்லாவற்றையும் அளந்து, என் பதினெட்டு நாள் எண்களை அடித்துவிட்டு, ஓரத்தில் "மறு அளவீடு" என்று மட்டும் எழுதினாய். சாரிடம் காரணம் சொன்னாயா, தெரியாது. அறிக்கையில் என் பெயர் உன் பெயருக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

பொன்னுசாமி மாமாவின் போரில் பத்து நாளில் தண்ணீர் கொஞ்சம் ஏறியது. ஆனால் பயிருக்கு அதற்குள் காலம் கடந்திருந்தது. பங்குனியில் அறுத்தார்கள். களத்தில் தூற்றும்போது நாம் தராசோடு நின்றோம். முறத்திலிருந்து நெல் கொட்ட வேண்டிய இடத்தில் கருக்காயாகப் பறந்து போனது. காற்றுப் பக்கம் சேர்ந்த குவியல்தான் பெரிதாக இருந்தது. மாமா ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. "எல்லாம் வெறும் தொலிம்மா" என்றார். நான் தராசைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டேன். எழுந்து பார்த்தபோது நீ அவரோடு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு அவர் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாம் அவர் வீட்டுக்கு அரிசிக் கணக்கு எடுக்கப் போனோமே, எனக்கு ஒரு சொம்பு மோர் வந்தது. உனக்கு வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ பர்தா போட்டிருப்பதால்தான் என்று நினைத்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "இத்தன நாளு நல்லாத்தான இருந்தாரு, இப்ப என்ன வந்துச்சாம்?" என்று குதித்தேன். நீ சிரித்தாய். "விடு செல்வி. மோர் குடிச்சா எனக்கு சளி புடிக்கும்" என்றாய்.

ஆய்வு முடிந்தது. எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரரும் எங்கள் ஊரிலேயே வந்து தங்கினார்; பெரம்பலூரில் ஒரு ஆபீஸ் வேலையும் கிடைத்தது. நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு துபாய்க்குப் போனாய். போன வருடம் திரும்பி வந்தபோது மஞ்சள் காமாலை என்றார்கள். மூன்றே வாரம். செய்தி கிடைத்து நான் மூன்று பஸ் மாறி உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உன்னை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது உன் ஒருத்தியிடம்தான். நீ இல்லை.

அன்றிலிருந்து எனக்கு எங்கேயும் உட்கார முடிவதில்லை. ஆபீசில் ஃபைலைத் திறப்பேன், மூடுவேன். குழாயில் தண்ணீர் சொட்டினால் எழுந்து போய் நிறுத்திவிட்டு வருவேன், வந்து உட்கார்ந்ததும் மறுபடி எழுந்து போவேன். என் வீட்டுக்காரர், "ஒனக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சிறுவாச்சூரிலிருந்து ஒரு மைல் நடந்திருப்பேன். பின்னால் வந்த அடுத்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் பெரம்பலூர் போனேன். ஆபீசுக்குப் போகவில்லை. அரும்பாவூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, அதில் ஏறினேன். பொன்னுசாமி மாமா வீட்டு வாசலில் போய் நின்றபோது மதியம் மூன்று மணி. அவர் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது நெல் போடுவதில்லை, மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்.

"வா செல்வி. என்ன இந்த நேரத்துல? ஆபீசு இல்லியா?"

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஏழு மணி நேரம், இரண்டு மணி நேரம், பதினெட்டு நாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் கையில் இருந்த தீவனத்தைக் கீழே வைத்தார்.

"நீ என்னம்மா சொல்ற? அது அந்தப் புள்ளயில்ல செஞ்சுது?"

எனக்குப் புரியவில்லை.

"நெல்லு தூத்துன அன்னிக்கு நாந்தான் கேட்டேன். மில்லுத் தண்ணிய முன்னாலயே நிறுத்தியிருந்தா பயிரு பொழச்சிருக்குமான்னு. ஆமாங்க, பொழச்சிருக்கும்னுச்சு. ஏன் முன்னாலயே தெரியலன்னு கேட்டேன். நாந்தாங்க கணக்கத் தப்பாப் போட்டுட்டேன், எம் மேலதான் தப்புன்னுச்சு. படிச்ச புள்ள இப்படிப் பண்ணலாமான்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. நின்னுச்சு."

அவர் அப்படியே வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கப்புறம் அது என் வூட்டுக்கு வந்தப்ப மோரு கூட ஊத்தலியேம்மா நானு. செத்துப்போச்சுன்னு கேள்விப்பட்டப்பவும் போவல. எம் பயிரக் கெடுத்த புள்ளதானன்னு இருந்துட்டேன்."

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று யோசித்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நீ வெளியூர். வேலை முடிந்தால் போய்விடுவாய். நானும் அம்மாவும் அந்த ஊரில், அவர் கண்முன்னால், தினமும் இருந்தாக வேண்டும். இதை நீ கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கணக்கு தப்பு. நான் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதை நீ அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "இத்தன வருசம் கழிச்சு என்னத்துக்குடி இப்ப?" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மாமாவே வந்து எங்கள் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. "அந்தப் புள்ள ஊருக்கு வழி காட்டு" என்றார்.

லப்பைக்குடிக்காட்டுக்கு நானும் அவரும் பஸ்ஸில் போனோம். உன் வீட்டில் உன் அத்தா நாற்காலி போட்டார். மாமா உட்காரவில்லை. "உங்க மவ மேல ஒரு தப்பும் இல்லாம நான் மூணு வருசமா கோவமா இருந்துட்டேங்க. அத அதுகிட்டயே சொல்லணும். எங்க இருக்குதுன்னு காட்டுங்க" என்றார். உன் அத்தா என்னைப் பார்த்தார். நான் அவரிடமும் உன் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை கோர்வையாக வந்தது. உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். "அவ எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியேம்மா" என்றார் கடைசியில். உன் அத்தா எழுந்து, "வாங்க" என்று மாமாவின் கையைப் பிடித்து, உன்னை அடக்கம் செய்த மையவாடிக்குக் கூட்டிப் போனார். நான் உன் அம்மாவோடு இருந்தேன். உன் மகள் ஸ்கூல் நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். மூக்கு அப்படியே உன்னுடையது.

அவர்கள் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. அங்கே மாமா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கண் சிவந்திருந்தது. உன் அம்மா கொடுத்த டீயை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காராமல் இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்தார். ஊர் வந்து இறங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வந்து சொன்ன பாரு, அது பெரிய விஷயந்தான். அதுக்காவ ஒம்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்குது. எம் பயிரும் போச்சு, அந்தப் புள்ளயையும் நோவடிச்சிட்டேன். போவப் போவப் பாப்போம்."

சொல்லிவிட்டு நடந்து போனார். இரண்டு நாளாக எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். கடைத்தெருவில் நேற்று நான் "மாமா" என்று கூப்பிட்டும் நிற்கவில்லை.

கடைசி வரை மாமாவின் இந்தக் கோபத்தை நீ தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய். துபாய்க்குக் கொண்டுபோயிருக்கிறாய், திரும்பக் கொண்டுவந்திருக்கிறாய், என்னிடம் ஒரு நாள்கூட இறக்கி வைக்கவில்லை. இப்போது அது என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னுடையது. நான் வைத்துக்கொள்கிறேன்.